எதிர்பார்த்துக் கிடந்த உயிர்

அன்றைக்கு எங்கள் பள்ளிக்கூடத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் ஒருத்தர்கூட இல்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றால் அப்படித்தான். சொந்தப் பிள்ளைகளுக்குச் சொந்த வாத்தியார் கண்காணிப்புக்கு நிற்கக் கூடாது என்று ஆளுக்கொரு ஊராகத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். எச்.எம். நீடாமங்கலம் பக்கம், கணக்கு சார் குடவாசல் பக்கம், தமிழம்மா எங்கேயோ. அவர்களுக்குப் பதிலாக முன்பின் தெரியாத ஆட்கள் வந்து எங்கள் வகுப்பறைகளில் நிற்பார்கள். பள்ளிக்கூடத்துக்கென்று மிச்சம் இருந்தது வாட்ச்மேனும் நானும்தான்.

எனக்கு டியூட்டி போடவில்லை. ஏன் என்றால் நான் ஆசிரியரே கிடையாது. பாடம் நடத்தலாம், பேப்பர் திருத்தலாம், பையன்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு உருண்டால் விலக்கிவிடலாம். ஆனால் அரசாங்கக் கணக்கில் நான் இல்லை. அறிவியல் டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், அவர் திரும்பி வரும்வரை ஓட்டுவதற்காகப் பள்ளி மேலாண்மைக் குழு போட்ட தற்காலிக ஆள் நான். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் பாஸ் பண்ணி, வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்து, கடைசியில் இன்னொருத்தர் நாற்காலியில் இன்னொருத்தர் டஸ்டரோடு உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் என்னைப் 'புது மிஸ்' என்பார்கள். தீபாவளி போய், பொங்கல் போய், பங்குனி வெயில் வந்த பிறகும் நான் புது மிஸ்தான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் வேறு பேரும் வைத்திருப்பார்கள், என் காதில் விழவில்லை.

தேர்வு நாளில் என் வேலை இதுதான். தண்ணீர் கேன் நிரப்பி வைக்க வேண்டும். ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டு வந்து நிற்கிற அறிவுக்கொழுந்துகளைத் திட்டி, வாட்ச்மேன் சைக்கிளில் வீட்டுக்கு விரட்ட வேண்டும். மணி அடித்ததும் சத்துணவுக் கூடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். தேர்வறை வாசலை எட்டிப் பார்க்கக்கூட எனக்கு உரிமை கிடையாது. இத்தனைக்கும் அன்றைக்கு அறிவியல் பரீட்சை, நான் தொண்டை வறள நடத்திய பாடம்.

எட்டரை மணி வாக்கில் போன் அடித்தது. விடுப்பில் இருந்த டீச்சர். அவருக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

"மேடம், நம்ம கிளாஸ்ல லோடுமேன் பொண்ணு இருக்கால்ல, வந்துட்டாளா?"

"இப்பத்தான் கேட்டுக்குள்ள வந்தா. என்ன விஷயம்?"

"அவ அப்பாவ விடியக்காலையில பெரியாஸ்பத்திரியிலேருந்து வீட்டுக்குக் கொண்டாந்துட்டாங்களாம். இனிமே ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்க போல. மூச்சு மட்டும் இழுத்துக்கிட்டு இருக்காம். அவ பெரியப்பா எனக்குப் போன் மேல போன் போடுறாரு. அவளுக்கு ஒண்ணும் தெரியாது மேடம். பரீட்ச முடியிற வரைக்கும் சொல்ல வேண்டாங்குறாங்க. முடிஞ்சதும் நீங்களே கொண்டுபோய் விட்டுருங்க."

"நானா?"

"நான் எப்படி வர்றது? பச்ச ஒடம்புக்காரி, எழவு வீட்டு வாசல்ல என்னைய யாரு விடுவா? நீங்கதான மேடம் இப்ப கிளாஸ் டீச்சரு."

மற்ற நாளெல்லாம் 'எங்க கிளாஸ் டீச்சர் வரட்டும்' என்று பிள்ளைகளும் சொல்வார்கள், பெற்றவர்களும் சொல்வார்கள். சாவுச் செய்தியைச் சுமக்கிற நாளில் மட்டும் நான் கிளாஸ் டீச்சர் ஆகிவிட்டேன். வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் அந்தப் பிள்ளையின் வீடு எங்கே என்றே கேட்கவில்லை என்பது உறைத்தது.

அந்தப் பெண்ணின் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். அறுவடை நாளில் நல்ல வேலை, மற்ற நாளில் நல்ல குடி. அப்புறம் வேலை நின்றும் குடி நிற்கவில்லை. ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். அம்மா அங்கேயே துணைக்கு இருந்தாள். ஒரே பெண். பரீட்சை நேரமென்று பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். அந்தச் சித்திக்கு விடியற்காலையிலேயே தகவல் தெரியும். தெரிந்தும் தோசை வார்த்துக் கொடுத்து, தலை பின்னிவிட்டு, சிரித்த முகமாக அனுப்பிவிட்டு, அடுத்த பஸ்ஸில் சாவு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அந்த நடிப்பை எப்படித்தான் நடித்தாளோ.

அந்தப் பெண் வேப்பமரத்தடியில் புத்தகத்தை மூடி மூடித் திறந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"மிஸ், அட்டை படம் வந்தா பென்சில்லதான் போடணுமா, பேனாவுல போட்டா மார்க் கொறைப்பாங்களா?"

எங்கள் ஊர் வாய்க்காலில் காலை வைத்தால் ஒட்டிக்கொள்கிற அட்டைதான், பாடத்தில் பெரிய ஆளாகப் படத்தோடு உட்கார்ந்திருக்கும். "பென்சில்ல போடு. பாகம் குறிக்கிறத மட்டும் நீட்டா எழுது" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"ராத்திரி அப்பாக்கிட்ட பேசுனேன் மிஸ்."

"பேசுனாரா?"

"அம்மா போன அவரு காதுல வச்சாங்க. நாளைக்கு சயின்ஸ்ப்பா, நல்லா எழுதுவேன்னேன். 'ம்'னாரு மிஸ்." அந்த ஒரு 'ம்'மை அவள் பரிசு வாங்கின மாதிரி சொன்னாள். "போய்த் தண்ணி குடிச்சிட்டு வா, மணி அடிக்கப் போவுது" என்று விரட்டினேன். நின்றால் என் மூஞ்சி காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து மணிக்கு மணி அடித்தது. உள்ளே போய்விட்டாள். நான் சத்துணவுக் கூடத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். உட்கார்ந்த சூட்டோடு பெரியப்பா கூப்பிட்டுவிட்டார். டீச்சர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்.

"டீச்சரம்மா, புள்ள உள்ள போயிருச்சுங்களா?"

"போயிருச்சுங்க. எப்படி இருக்காரு?"

"இழுத்துக்கிட்டே கெடக்கான். எல்லாரும் பால் ஊத்திட்டோம். பெரியவங்க சின்னவங்க ஒருத்தர் பாக்கியில்ல. போவ மாட்டேங்குது. அவளத்தாங்க எதிர்பாக்குது. அவ கையால ரெண்டு சொட்டு விட்டாத்தான் அடங்கும்."

எங்கள் பக்கத்தில் இது ஒரு தீர்மானமான விஷயம். உயிர் சட்டென்று போகாமல் கிடந்தால், அது எதற்காகவோ கிடக்கிறது என்று அர்த்தம். எதற்காக என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும். டாக்டர்கள் கைவிட்ட பிறகு ஊரே டாக்டராகிவிடும். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார். மண்ணாசையாக இருக்கும் என்று மனையடியில் ஒரு பிடி மண் எடுத்துக் கரைத்து விட்டார்களாம். போகவில்லை. பொன்னாசையோ என்று யாருடைய மோதிரத்தையோ பாலில் உரசி விட்டார்களாம். அதற்கும் போகவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பிராந்தியக்கூட ஒரு சொட்டு நாக்குல தொட்டு வச்சிப் பாத்துட்டோங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்திலேயே செத்தும் போயிற்று. ஒரு மனுஷன் என்னென்ன ஆசைப்பட்டிருப்பான் என்று ஊர் போடுகிற கணக்கில் மகளுக்குப் பக்கத்திலேயே பிராந்தியும் வந்து நிற்கிறது.

பதினொன்றரைக்கு மூன்றாவது தடவை. இந்தத் தடவை அவர் குரலே சரியில்லை.

"டீச்சரம்மா, பாக்க முடியலைங்க. தொண்டையில கொரகொரன்னு இழுக்குது. பாதியில எழுப்பிக் கூட்டியாந்துருங்களேன். எழுதுன வரைக்கும் போதும். படிப்பு கெடக்குது. ஒரு உசுரு இப்படியா கெடந்து..."

பேச்சு பாதியில் அறுந்தது. யாரோ போனைப் பிடுங்கியிருக்கிறார்கள். ஒரு பெண்குரல், அழுகையே இல்லாத வறண்ட குரல். அந்தப் பிள்ளையின் அம்மா.

"டீச்சர், நான் அவளப் பெத்தவ பேசுறேன். மணி அடிக்கிற வரைக்கும் அவள வெளிய விடாதீங்க. சொல்லவும் சொல்லாதீங்க."

"அம்மா, அவரு..."

"கெடக்கட்டும். இந்த மனுசன் ஒரு நாளும் எங்களுக்காகக் காத்திருந்ததில்ல. ராத்திரி ராத்திரியா நாங்கதான் காத்திருந்தோம். இன்னைக்கி ஒரு நாளு அவரு காத்திருக்கட்டும். எம்பொண்ணு எழுதிட்டு வருவா."

போன் வைக்கப்பட்டுவிட்டது. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். யார் சொல்வது சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்த நேரத்தில் பெரியப்பா பேசும்போது அவர் பக்கம், அம்மா பேசும்போது அம்மா பக்கம் என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் நிச்சயம். உள்ளே இருக்கிறவளைத் தவிர எல்லோரும் அவளுக்காக முடிவெடுத்துக்கொண்டிருந்தோம்.

மனசு கேட்காமல் தேர்வு அலுவலகமாக மாற்றியிருந்த எச்.எம். அறைக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த முதன்மைக் கண்காணிப்பாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

"இந்த ஸ்கூல் டீச்சர் சார். சயின்ஸ்."

"இந்த ஸ்கூல் டீச்சர் யாரும் இங்க இருக்கக் கூடாதே."

"டெம்ப்ரவரி சார்" என்று சொல்லி விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். "எழுதுற புள்ளைய நானா எழுப்ப முடியாதும்மா. பெத்தவங்க வந்து கேட்டா ஒரு வழி இருக்கு. அம்மா என்ன சொல்றாங்க?"

"எழுதட்டுங்குறாங்க சார்."

"அப்ப எழுதட்டும். நீங்க இந்தப் பக்கம் நிக்காதீங்க." சொல்லிவிட்டு, கொஞ்சம் யோசித்து, "எந்த ரூம் அந்தப் பொண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். தண்ணீர் கொடுக்கிற சாக்கில் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். என்னைத் தாண்டும்போது, "அடிஷனல் ஷீட் வாங்கி எழுதிக்கிட்டு இருக்கு" என்று மட்டும் சொன்னார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சனியன்.

ஒன்றேகால் மணிக்கு மணி அடித்தது. பிள்ளைகள் சந்தையில் அவிழ்த்துவிட்ட மாடுகள் மாதிரி வெளியே வந்தார்கள். அவள் என்னைப் பார்த்ததும் கும்பலை விட்டு ஓடி வந்தாள். "மிஸ், அட்டை வந்துருச்சு மிஸ். நீங்க முக்கியம்னு சொன்னதெல்லாம் வந்துருச்சு."

"சரி, வண்டியில ஏறு."

"எதுக்கு மிஸ்?"

"அப்பாவ வீட்டுக்குக் கொண்டாந்திருக்காங்க. உன்னைய அங்க விட்டுட்டு வர்றேன்."

"நல்லாயிட்டாரா மிஸ்?"

இந்தக் கேள்வியை நான் யோசித்தே வைக்கவில்லை. காலையிலிருந்து இதே நினைப்பாக இருந்தும் இப்படி ஒரு கேள்வி வரும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை. "இல்லம்மா" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சின்னதாகிப் போயிற்று. பரீட்சை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வலங்கைமான் ரோட்டிலிருந்து பிரிந்து உள்ளே போகிற ரோடு. அவள்தான் வழி சொன்னாள். வயலெல்லாம் தாளடி நெல் அறுத்து, அறுப்புக்கு முந்தியே ஊடே தெளித்த உளுந்தும் பிடுங்கி முடிந்து மொட்டையாகக் கிடந்தது. வெயில் கண்ணைக் குத்தியது. ஒரு பாலம் தாண்டினதும், "எப்பலேருந்து மிஸ்?" என்றாள்.

"விடியக்காலையிலேருந்து."

"ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

"எட்டரைக்கு."

திட்டுவாள், அழுவாள், இறங்கிக்கொள்கிறேன் என்பாள் என்று என்னென்னவோ நினைத்து வண்டியை மெதுவாக்கினேன். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று, "ஒன்னத்தான் எதிர்பாத்துக்கிட்டு இருக்காராம். எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றேன்.

"என்னையவா?"

"ஒன்னத்தான்."

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. நான் பார்த்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா சாகக் கிடக்கிறார் என்று தெரிந்த பிள்ளையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரக் கூடாது. வந்தது.

அப்புறம் அவளாகவே பேசினாள். "நாகூர் கந்தூரிக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போனாரு மிஸ். அப்ப நான் நாலாவது. ஒரு அல்வாக் கடை வாசல்ல உக்கார வச்சிட்டு, இந்தா வந்துர்றேன்னு போனாரு. வரவே இல்ல. ராத்திரி வரைக்கும் உக்காந்துருந்தேன். மீன் விக்கிற ஆயா ஒண்ணு தொணைக்கு இருந்திச்சு. அப்புறம் வந்தாரு, நல்லா குடிச்சிட்டு. என்னைய மறந்துட்டேன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு." கொஞ்சம் நிறுத்தி, "இன்னைக்கு மறக்கல பாத்தீங்களா மிஸ்" என்றாள்.

அவர்கள் வீடு வாய்க்கால் கரையில் அரசாங்கம் கட்டிக்கொடுத்த ஒரு தொகுப்பு வீடு. வாசலில் பந்தல்காரர் வந்து கம்பு ஊன்ற இடம் அளந்துகொண்டிருந்தார். உயிர் உள்ளே இருக்கிறது, பந்தல் வெளியே வந்துவிட்டது. "கொஞ்சம் அந்தாண்ட போங்கண்ணே" என்று நான் கத்தின கத்தில் அவர் கயிற்றோடு ஓரமாக ஒதுங்கினார். மகளை அந்தக் கம்புகளுக்கு நடுவில்தான் உள்ளே கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே நடுவில் பாயில் படுக்க வைத்திருந்தார்கள். வயிறு மட்டும் மூட்டையாக உயர்ந்து, கையும் காலும் குச்சியாகிப் போயிருந்தன. கண் பாதி திறந்திருந்தது, எதையும் பார்க்கவில்லை. அந்தக் கொரகொரப்பு மட்டும் வந்து நின்று, நின்று வந்தது. தலைமாட்டில் அம்மா. காலையில் போனில் கேட்ட குரலுக்கு நான் கற்பனை பண்ணின பெரிய உருவம் இல்லை, ஒல்லியான ஒரு பெண். மகளைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை: "எல்லாம் எழுதுனியா?"

"எழுதிட்டம்மா."

அம்மா தலையை ஆட்டிவிட்டு, நகர்ந்து இடம் விட்டாள்.

சித்தி எவர்சில்வர் டம்ளரில் பாலும் ஒரு ஸ்பூனும் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். சுற்றி நின்ற பெண்களெல்லாம் ஒரே குரலாக, "ஊத்துடி தங்கம். ஒனக்காகத்தான் உசுரப் புடிச்சிக்கிட்டு கெடக்காரு. ஊத்து, நிம்மதியாப் போவட்டும்" என்றார்கள். அவள் யூனிஃபார்மோடு குனிந்து உட்கார்ந்தாள். "அப்பா, வந்துட்டம்ப்பா" என்றாள். ஸ்பூனில் பால் எடுத்தாள். எடுத்தவள் கையை அப்படியே நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

"ஊத்துனா போயிடுவாரா?"

பெரியப்பாதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "போறவன் போவணும்ல ஆயி. எம்புட்டு நேரந்தான் கஷ்டப்படுவான்" என்றார்.

அவள் ஸ்பூனை டம்ளரிலேயே போட்டாள். டம்ளரைத் தரையில் வைத்தாள். எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு, பின்பக்கமாக வெளியே போய்விட்டாள்.

ஒரே சலசலப்பு. பெரியப்பா என்னிடம் வந்தார். பாவம், தம்பி சாவையும் சமாளித்துக்கொண்டு ஊரையும் சமாளிக்கிற மனிதர். "டீச்சரம்மா, நீங்க சொன்னா கேக்கும். இன்னைக்கு முடிஞ்சிட்டா நாளைக்குக் காலையில எடுத்துரலாம். நாளன்னைக்கு அதுக்குச் சோஷியல் இருக்குதாமுல்ல. இழுத்துக்கிட்டே போனா அந்தப் பரீட்சையும் கெடும். கொஞ்சம் எடுத்துச் சொல்லி ஊத்த வைங்க." நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒரு துணியால் புருஷன் கடைவாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்காலில் சொட்டுத் தண்ணீர் இல்லை. நான் பின்னாலேயே போனபோது மகள் மதகுக் கட்டையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டை சுட்டது.

"நான் ஊத்த மாட்டேன் மிஸ்."

"சரி."

"ஊத்தலன்னா இருப்பாருல்ல? எனக்காகத்தான இருக்காரு. நான் ஊத்தாம இருந்தா இன்னும் எதிர்பாத்துக்கிட்டே இருப்பாருல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே அத்தனை பேரும் சேர்ந்து அந்தச் சின்னப் பிள்ளை கையில் என்னத்தைக் கொடுத்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. ஊற்றினால் அப்பாவை அனுப்பி வைத்தவள் அவள். ஊற்றாவிட்டால் அப்பாவைக் கிடந்து துடிக்க விட்டவள் அவள். எந்தப் பக்கம் போனாலும் காலத்துக்கும் அந்தப் பிள்ளை தலையில்தான் விடியும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளர் கைக்குக் கிடைத்திருந்தால் வாய்க்காலில் எறிந்திருப்பேன்.

"இங்க பாரு" என்றேன். வகுப்பில் பேசுகிற குரலிலேயே பேசினேன், அதுதான் எனக்குத் தெரிந்த குரல். "பால் ஊத்துறதுனால யாரும் போறதும் இல்ல, ஊத்தாததுனால யாரும் இருக்குறதும் இல்ல. ஒங்கப்பாவுக்கு ஈரல் வேல செய்யல. அதுனால ரத்தம் கெட்டு மூளைக்கு ஏறிருச்சு. நெனப்பு இல்ல. மூச்சு விடுறது தானா நடக்குற காரியம், அவரா இழுத்துப் புடிச்சி வச்சுக்கல. நிக்கும்போது நிக்கும். ஒன்னால நிறுத்தவும் முடியாது, நடத்தவும் முடியாது. புரியுதா?"

"அப்ப எதிர்பாக்குறாருன்னு சொல்றாங்களே?"

"அதெல்லாம் சும்மா சொல்றதும்மா. மனசு கேக்காம சொல்றது."

அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள். கடினமான பாடம் நடத்தும்போது அப்படித்தான் பார்ப்பாள். அடியிலிருந்து நுனிவரை அதை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

"அப்ப நான் ஊத்துனாலும் ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாது. ஓம்மேல ஒரு பழியும் இல்ல. ஒனக்கு அப்பாவுக்கு ஒரு வாய் பால் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடு. தோணலன்னா வேண்டாம். யாரு கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்."

"குடுக்குறேன் மிஸ்" என்றாள். மதகிலிருந்து குதித்து இறங்கினாள். யூனிஃபார்மில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாள். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. காலையிலிருந்து ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம், ஒரு பிள்ளையைப் பொய்யிலிருந்து வெளியே எடுத்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்துதான் அவள் பின்னால் நடந்தேன்.

பின்வாசலுக்கு நாலு எட்டு இருக்கும்போது உள்ளே சத்தம் வெடித்தது. முதலில் ஒரு குரல், அப்புறம் அத்தனை குரலும். மார்பில் அடித்துக்கொள்கிற சத்தம் வெளியே வரைக்கும் கேட்டது. அவள் ஓடவில்லை. நின்ற இடத்தில் நின்றாள். நான் அவள் தோளைப் பிடித்தேன், அது மரக்கட்டையாக இருந்தது.

சித்தி தலைவிரி கோலமாக வெளியே ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "போயிட்டாருடி. ஒன்னப் பாத்துட்டுத்தாண்டி போனாரு. ஒனக்காகத்தான் விடியக்காலையிலேருந்து காத்துக்கிட்டு கெடந்தாரு. ஒன் கொரலக் கேட்டாரு, போயிட்டாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

அவள் சித்தியின் பிடியில் இருந்துகொண்டே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"அப்படியா மிஸ்?"

"ஆமாம்மா" என்றேன். வாய் முந்திக்கொண்டது. "ஒனக்காகத்தான் காத்திருந்தாரு."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"சும்மா சொல்றதுன்னு இப்பத்தான மிஸ் சொன்னீங்க" என்றாள். பிறகு சித்தியின் கையை எடுத்துவிட்டு, உள்ளே அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.